ஏற்றத்துக்கான கியரை முதலில் முடிவு செய்யுங்கள்

அன்புள்ள ஃபிராங்க்ஃபர்ட் நண்பருக்கு,

உங்கள் கடிதமும் சைக்கிளின் படங்களும் வந்து சேர்ந்தன. 52 பல் செயின்ரிங்கைக் கழற்றிவிட்டு 56 பல் போடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. போட வேண்டாம். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. ஹோஹெமார்க்கிலிருந்து ஃபெல்ட்பெர்க் மலை ஏறினால் இடது முழங்கால் வலிக்கிறது, மறுநாள் படியிறங்கும்போதும் வலி விடுவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் அங்கிருந்தே விடை சொல்ல முடியும். இதே கேள்விகளோடு சாய்வு சைக்கிள் வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருப்பதால், உங்கள் அனுமதியோடு இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்போம். உடம்பின் எடை முழுவதும் பெடலில் இறங்கும். அதற்கு மேல் அழுத்த முயன்றால் உடம்புதான் மேலே எழும்புமே தவிர பெடலில் விசை பெரிதாகக் கூடாது. உங்கள் சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க வழியில்லை. முதுகு சாய்மானத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது, கால்கள் முன்னால் நீண்டிருக்கின்றன. முதுகை முட்டுக் கொடுத்து உடல் எடையையும் மிஞ்சி அழுத்திவிடலாம். வண்டி அதைத் தாங்கும். மூட்டு தாங்காது. சாய்வு சைக்கிளுக்கு மாறிய முதல் மாதங்களில் பலருக்கு முழங்கால் வலி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே இந்த வண்டியில் கியர் தேர்ந்தெடுப்பதை அடியிலிருந்து, மிக இலேசான கியரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேல் கியர் மிச்சத்தில் அமைந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பின்சக்கரம் 26 அங்குலம். நீங்கள் போட்டிருக்கும் டயரோடு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் நகரும். முன்னால் 52, 42, 30 பல் செயின்ரிங்குகள். பின்னால் 11 முதல் 32 பல் வரை ஒன்பது அடுக்குக் கேசட். மிக இலேசான கியர் 30க்கு 32. 30ஐ 32ஆல் வகுத்து 2.05ஆல் பெருக்கினால், பெடலின் ஒரு சுற்றுக்கு 1.92 மீட்டர். நீங்கள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பும் டயரின் உராய்வும் சேர்ந்து 88 நியூட்டன் அளவில் பின்னுக்கு இழுக்கும். பயிற்சி அதிகமில்லாத ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாகத் தரக்கூடிய 120 வாட் சக்திக்கு வேகம் மணிக்கு 4.9 கிலோமீட்டர்தான் வரும். அந்த வேகத்தில், 1.92 மீட்டர் கியரில், உங்கள் கால் நிமிடத்துக்கு 42 சுற்று சுற்றும். முழங்கால் வலியின் வேர் இந்த 42தான். 60க்குக் கீழே போகும் ஒவ்வொரு சுற்றுக்கும் விசையை மூட்டுதான் ஈடுகட்டுகிறது.

இனி 56 பல். இப்போதிருக்கும் 52க்கு 11 கியரில் ஒரு சுற்றுக்கு 9.7 மீட்டர் போகிறீர்கள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 52 கிலோமீட்டர். 56 போட்டால் அது 56 கிலோமீட்டர் ஆகும். அந்த வேகம் வருவது இறக்கத்தில் மட்டும்தான். இறக்கத்தில் சாய்வு சைக்கிள் மிதிக்காமலே ஓடும். காற்றுக்குக் காட்டும் முகப்பு சிறியது என்பதால் மற்ற சைக்கிள்களைத் தாண்டி ஓடும். ஃபெல்ட்பெர்க்கிலிருந்து இறங்கும் வளைவுகளில் பிரேக் பிடிக்கும் நேரத்தில் யாருக்கு 56 பல் வேண்டியிருக்கிறது? சமதளத்தில் உங்களுக்குத் தேவை மணிக்கு 25 முதல் 35 கிலோமீட்டர் வரை. அதற்கு இருப்பதே தாராளம்.

ஆக நமக்கு வேண்டியது ஒரு சுற்றுக்கு 1.3 முதல் 1.5 மீட்டர் வரை தரும் ஒரு கியர். அதைவிடக் கீழே போனால் இரு சக்கர வண்டியில் வேறு சிக்கல் வரும். 4 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே நிலை தடுமாறும், ஹேண்டில் ஆடும். மூன்று சக்கரச் சாய்வு வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் ஒரு மீட்டர் வரைகூட இறங்கலாம், ஆமை வேகத்தில் ஏறலாம், நடுவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. முதல் வழி செலவு குறைந்தது. உங்கள் படத்தில் தெரிவது ஐந்து கை கிராங்க். வெளி இரண்டு ரிங்குகளும் 130 மில்லிமீட்டர் போல்ட் வட்டத்தில், உள் ரிங் 74 மில்லிமீட்டர் வட்டத்தில் என்று நினைக்கிறேன். 74 வட்டத்தில் 24 பல் வரை சிறிய ரிங் உட்காரும். 30ஐ எடுத்துவிட்டு 24 போடுங்கள், கேசட்டை 11–34ஆக மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 1.45 மீட்டர் கிடைக்கும். ஆனால் 42லிருந்து 24க்கு ஒரே தாவலாக 18 பல் இறங்கும்போது செயின் உள்பக்கம் விழும் வாய்ப்பு அதிகம். விழாமல் தடுக்கும் சிறு தடுப்பு ஒன்றை, முன் டிரேலியர் நிற்கும் போஸ்ட்டில் மாட்டியாக வேண்டும். நடு ரிங்கை 38 ஆக்கினால் தாவல் கொஞ்சம் குறையும். அந்தப் போல்ட் வட்டம் 38க்குக் கீழே விடாது.

இரண்டாவது வழியைத்தான் நான் விரும்பிச் சொல்வேன். 44, 32, 22 என்ற பழைய மவுண்டன் சைக்கிள் கிராங்க், அதோடு 11–34 கேசட். கீழ் கியர் 1.33 மீட்டர். மேலே குறித்த அதே ஏற்றம், அதே 120 வாட், அதே 4.9 கிலோமீட்டர் வேகம். ஆனால் கால் 61 சுற்று சுற்றும். பெடலில் அழுத்த வேண்டிய விசை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. மேல் கியர் 8.2 மீட்டர். 90 சுற்றுக்கு மணிக்கு 44 கிலோமீட்டர். நீங்கள் இழப்பது 44க்கும் 52க்கும் நடுவிலான வேகம் மட்டுமே. அதைப் புவியீர்ப்பு இலவசமாகத் தந்துவிடும்.

இந்தத் தேர்வில் இன்னொரு வசதியும் இருக்கிறது, எந்தப் பின் டிரேலியர் வாங்குவது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அதில் அடங்கும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டிரேலியருக்குக் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. பெரிய செயின்ரிங்கிலிருந்து சிறியதைக் கழித்து, கேசட்டின் பெரிய பல்லிலிருந்து சிறியதைக் கழித்து, இரண்டையும் கூட்ட வேண்டும். அத்தனை பல்லுக்கான தொய்வை அதன் கூண்டு சுருட்டிக்கொள்ள முடிய வேண்டும். 44லிருந்து 22 போனால் 22, 34லிருந்து 11 போனால் 23, மொத்தம் 45. ஷிமானோவின் ஒன்பது அடுக்கு மவுண்டன் டிரேலியர்களில் நீளக் கூண்டு உள்ளவை இதை அப்படியே ஏற்கும். முதல் வழியில், 52ம் 24மாக வைத்தால், 28ம் 23மாக 51 ஆகிவிடும். கூண்டு அவ்வளவு சுருட்டாது. சிறிய ரிங்கில் இருக்கும்போது சிறிய கேசட் பற்களுக்குப் போகாமல் இருக்க நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். போனால் செயின் தொய்ந்து சீட்டுக்கு அடியில் தொங்கி உரசும். உடையாது, ஆனால் எரிச்சல் தரும்.

நீளக் கூண்டு உங்கள் வண்டிக்குப் பொருந்தும், பின்சக்கரம் 26 என்பதால். 20 அங்குலப் பின்சக்கரம் உள்ள வண்டிகளில் அச்சே தரைக்கு அருகில் இருக்கும். நீளக் கூண்டு கீழே தொங்கிப் புல்லையும் நடைபாதை விளிம்பையும் தொடும். அங்கே நடுத்தரக் கூண்டுதான் சரி. அதற்கேற்ப ரிங்குகளின் வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பத்து அடுக்கு மவுண்டன் டிரேலியரை வாங்காதீர்கள். விலை மலிவுதான், புதிதுதான். உங்கள் ஹேண்டில் நுனியில் பின் கியருக்கு இருப்பது ஒன்பது அடுக்கு ஷிஃப்டர். ஒவ்வொரு சொடுக்குக்கும் அது கேபிளைச் சுமார் 2.5 மில்லிமீட்டர் இழுக்கும். ஒன்பது அடுக்கு ஷிமானோ டிரேலியர் அதை 1.7 மடங்காக்கி 4.25 மில்லிமீட்டர் நகரும். கேசட்டின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். பத்து அடுக்கு மவுண்டன் டிரேலியர் 1.2 மடங்குதான் நகரும். 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் இது சரியாகாது. ஒன்பது அடுக்கில் ரோடு, மவுண்டன் இரண்டு வகைப் பின் டிரேலியர்களும் ஒரே அளவில் நகர்பவை. எது கிடைத்தாலும் வாங்கலாம். எஸ்ராம் நிறுவனத்தின் சொந்த விகிதம் வேறு, அதையும் இதோடு கலக்கக் கூடாது.

இப்படி ஒவ்வொரு பாகத்தையும் பொருத்தம் பார்த்துச் சேர்க்க வேண்டியிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1933 ஜூலையில் பாரிஸில், சார்ல் மொஷே செய்த வெலோகார் என்ற சாய்வு சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914லிருந்து ஆஸ்கர் எக் வைத்திருந்த சாதனை போனது. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளுக்கு ஒரு வரையறை எழுதி, இந்த வகையை வெளியே வைத்துவிட்டது. பந்தயம் இல்லாத இடத்தில் பெரிய நிறுவனங்கள் பணம் போடுவதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிரிஃப்டெலில் இருக்கும் ஹெச்பி வெலோடெக்னிக் போன்றவர்கள் ஃபிரேமையும் சீட்டையும் அருமையாகச் செய்கிறார்கள். டிரேலியரும் ஷிஃப்டரும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கென்று வடிவமைத்தவை. சங்கத்தின் அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அதன் விலையை உங்களைப் போன்றவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கடன்வாங்கிய தன்மை மிக வெளிப்படையாகத் தெரிவது முன் டிரேலியரில். சாதாரண சைக்கிளில் அது சீட் குழாயில் மாட்டியிருக்கும், செயின் அதன் கூண்டு வழியே கிடைமட்டமாகப் பின்னால் ஓடும். ஷிமானோவின் மவுண்டன் முன் டிரேலியர்களில் 63–66 பாகை, 66–69 பாகை என்று குறித்திருப்பார்கள். சீட் குழாய்க்கும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவிலான கோணம் அது. உங்கள் வண்டியில் சீட் குழாயே இல்லை. பெடல்களைத் தாங்கி முன்னால் நீளும் பூமின் முனையில் ஒரு குட்டைப் போஸ்ட் நிற்கிறது. செயின் அங்கிருந்து சரிந்து, சீட்டுக்கு அடியில் அதைத் திசைதிருப்பும் சிறு சக்கரமான ஐட்லருக்குப் போகிறது. போஸ்ட்டுக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவிலான கோணம் 63 முதல் 69க்குள் இருந்தால் அதிர்ஷ்டம். பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து, அதன் மேல் கோணமானியை வைத்து அளந்துவிடுங்கள். கோணம் மிகவும் விலகியிருந்தால் கூண்டின் பின்முனை செயினில் உரசும், அல்லது செயினைத் தள்ளாமல் தவறவிடும். சில வண்டிகளில் போஸ்ட்டையே சுழற்றி இறுக்கலாம்.

44 பல் கிராங்குக்கு மாறும்போது 52 பல்லுக்கான பழைய முன் டிரேலியரை வைத்துக்கொள்ள ஆசை வரும். அதன் கூண்டின் வளைவு பெரிய ரிங்குக்கு ஏற்றது, சிறிய ரிங்கில் பின்பக்கம் வாய் பிளந்து நிற்கும். 44 பல்லுக்கானதை வாங்குங்கள். அதைப் போஸ்ட்டில் 16 மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டியிருக்கும். இரண்டு ரிங்குகளின் ஆர வித்தியாசம் அவ்வளவு. அந்த இடம் போஸ்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரோடு, மவுண்டன் முன் டிரேலியர்களுக்குக் கேபிள் இழுவை வெவ்வேறு. ஆனால் உங்கள் முன் ஷிஃப்டர் சொடுக்கு இல்லாத உராய்வு வகை என்பதால் அது சிக்கலே இல்லை. அந்தப் பழைய எளிய ஷிஃப்டரை யார் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள். எந்தக் கோணத்துக்கும் எந்த இழுவைக்கும் அது ஈடுகொடுக்கும். செயின் லேசாக உரசினால் கட்டைவிரலால் ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும்.

அடுத்தது ஐட்லர். கியர் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். பெடலை 30 கிலோ எடையளவு அழுத்துகிறீர்கள் என்று கொள்ளுங்கள். 170 மில்லிமீட்டர் கிராங்கில், 52 பல் ரிங்கில் செயினின் இழுவை சுமார் 48 கிலோ. அதே அழுத்தத்தில் 22 பல் ரிங்கில் அது சுமார் 115 கிலோ. கால் இலேசாகும்போது செயின் பளுவாகிறது. மேல்பக்கச் செயின், அதாவது நீங்கள் மிதிக்கும்போது விறைக்கும் பக்கம், ஐட்லரில் 20 பாகை வளைந்து போகிறது என்றால், ஐட்லரின் போல்ட் 40 கிலோ சுமையைத் தாங்குகிறது. 52 பல் ரிங்கில் 17 கிலோவை மட்டும் தாங்கும் போல்ட் அது. ஆகவே புதிய கிராங்க் போடும் அன்றே ஐட்லரைக் கழற்றி பேரிங்கை விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். ஐட்லர் பிடிக்கும் தகடு வளைந்திருக்கிறதா, போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மேல்பக்கத்துக்குப் பல் வைத்த, கொஞ்சம் பெரிய ஐட்லர்தான் நல்லது. வளைவு தளர்வாக இருக்கும், சத்தமும் உராய்வும் குறையும். சாய்வு சைக்கிளுக்கென்றே இவற்றைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கீழ்ப்பக்கச் செயினில் இழுவை கிட்டத்தட்ட இல்லை, அது உள்ளே ஓட ஒரு குழாய் போதும்.

குழாய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் அந்தச் சடசடச் சத்தம் குழாயின் முனையிலிருந்து வருவது என்றே தோன்றுகிறது. வெட்டிய முனை கூர்மையாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் அதில் தட்டிக்கொண்டு போகும். முனையை வெந்நீரிலோ வெப்பக் காற்றிலோ இளக்கி, குழல் வாய் போல் சற்று விரித்துவிட வேண்டும். குழாயை ஃபிரேமில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டவும் கூடாது. ஒரு முனையை மட்டும் பிடித்துவிட்டு மறுமுனையை விட்டால், கியர் மாறும்போது செயின் போகும் திசைக்குக் குழாயும் தானே நகர்ந்துகொள்ளும்.

மவுண்டன் கிராங்க் போட்டால் செயின் ஓடும் கோடு சுமார் 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். ரோடு கிராங்கில் நடு ரிங் வண்டியின் மையக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டரில், மவுண்டனில் 50 மில்லிமீட்டரில். மேலிருந்து பார்க்கும்போது நடு ரிங், ஐட்லர், கேசட்டின் நடுப்பல் மூன்றும் முடிந்தவரை ஒரே கோட்டில் இருக்கட்டும். ஐட்லருக்கு அடியில் ஒன்றிரண்டு வாஷர் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்யலாம்.

செயினை வெட்டுவதற்கு முன் பூமின் நீளத்தை முடிவு செய்துவிடுங்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். சீட்டில் உட்கார்ந்து இடுப்பை நன்றாகப் பின்னால் அழுத்தி, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகத் தொலைவில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தங்கும். பூமை 1 சென்டிமீட்டர் நீட்டினால் செயின் 2 சென்டிமீட்டர் கூட வேண்டும். கண்ணிகளை இரண்டிரண்டாகத்தான், அதாவது 25.4 மில்லிமீட்டர் தாவலில்தான், கூட்டவோ குறைக்கவோ முடியும். பூம் உருண்டைக் குழாய் என்றால் கிராங்கின் அச்சு தரைக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். துளி சாய்ந்திருந்தாலும் முன் டிரேலியர் தினமும் தொல்லை தரும்.

கடையில் விற்கும் ஒரு செயினில் 114 அல்லது 116 கண்ணிகள் இருக்கும். உங்களுக்கு இரண்டரைக்கு மேல் வேண்டும், மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிச் செயின்களாக இருக்கட்டும், இணைப்புக்குக் கை விரலால் பூட்டும் இணைப்புக் கண்ணிகள் போதும். பெரிய ரிங்கிலும் பெரிய கேசட் பல்லிலும் செயினைப் போட்டு, கூண்டு முழுக்க விறைக்காமல் இருக்கும் அளவுக்கு வெட்டுங்கள். குட்டையாகிவிட்டால் அந்த ஒரு தவறான கியரில் டிரேலியரே பிய்ந்துவிடும். நீளமாகப் போனால் தொய்வு மட்டும்தான். நீண்ட செயினுக்குச் செலவு அதிகம் என்று வருந்தாதீர்கள். ஒவ்வொரு கண்ணியும் பல்லில் ஏறியிறங்கும் முறை குறைவதால் அது மெதுவாகத்தான் தேயும்.

கேபிளுக்கு வருகிறேன். உங்கள் ஹேண்டில் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கேபிள் பின் டிரேலியர் வரை வளைந்து வளைந்து போகிறது. கியருக்கென்று விற்கும், கம்பிகள் நீளவாக்கில் ஓடும் உறைதான் போட வேண்டும். பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது, இழுக்கும்போது சுருங்கும், சொடுக்குகள் கலங்கிவிடும். அதே போல கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். அழுத்தத்தில் வெடித்து விரியக்கூடியது, உயிருக்கு ஆபத்து. முன் டிரேலியர் வரையான தூரத்துக்குச் சாதாரண கேபிள் எட்டாவிட்டால் டாண்டம் சைக்கிளுக்கான 3 மீட்டர் கேபிள் கேளுங்கள்.

சரிசெய்யும்போது இன்னொருவர் உடனிருக்கட்டும். சாதாரண சைக்கிளில் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறுகையால் திருகைத் திருப்பலாம். இங்கே பெடல் ஒரு கோடியில், டிரேலியர் மறு கோடியில். பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் முன்னால் குந்தி மெதுவாகச் சுற்ற, நீங்கள் பின்னால் இருந்து பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஹெச் என்று குறித்த திருகால், கூண்டில் உள்ள மேல் ஜாக்கி சக்கரம் 11 பல்லுக்கு நேர் கீழே வரட்டும். டிரேலியரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து எல் திருகால் 34 பல்லுக்கு நேராக நிறுத்துங்கள். இதைத் தளர்வாக விட்டால் செயின் ஸ்போக்குக்குள் போய்விடும். பிறகு கேபிளை மாட்டி, 34 பல்லில் வைத்து, பி திருகால் ஜாக்கி சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

சொடுக்குகளைச் சீராக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பல்லுக்கு ஏறுவது உங்கள் கையின் இழுவையால். சிறிய பல்லுக்கு இறங்குவது டிரேலியரின் ஸ்பிரிங் ஒன்றினால் மட்டுமே. அந்தச் சின்ன ஸ்பிரிங்தான் நீண்ட கேபிள் முழுவதையும் உறை வழியே பின்னால் இழுக்க வேண்டும். ஏறும்போது தயங்கினால் கேபிள் தளர்வு, பின்னால் இருக்கும் உருளைத் திருகைக் கால் சுற்று வெளியே திருப்பினால் சரியாகும். ஏறுவதெல்லாம் துல்லியம், இறங்கும்போது மட்டும் தயங்குகிறது என்றால் திருகைத் தொடாதீர்கள். உறைக்குள் அழுக்கோ முறுக்கோ இருக்கிறது. கேபிளையும் உறையையும் புதிதாகப் போடுவதுதான் தீர்வு. உங்கள் கடிதத்தில் விவரித்த கோளாறு இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். பிறகு சாலையில் ஒரு சிறு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சுமையில்லாமல் சுற்றும்போது ஐட்லரின் தகடு வளைவது தெரியாது, மிதிக்கும்போதுதான் தெரியும்.

கியர்களைத் தனக்குள்ளேயே கொண்ட ரோலாஃப் ஹப் வாங்கச் சொல்லி உங்கள் நண்பர் வற்புறுத்துகிறார் என்றீர்கள். காஸல் அருகே ஃபுல்டாடாலில் செய்கிறார்கள். 14 கியர், ஒவ்வொன்றுக்கும் நடுவே சீராக 13.6 சதவீத இடைவெளி, மொத்த வீச்சு 526 சதவீதம். முன்னால் 38, பின்னால் 16 பல் வைத்தால் உங்கள் சக்கரத்தில் 1.36 மீட்டரிலிருந்து 7.1 மீட்டர் வரை கிடைக்கும். நாம் தேடும் கீழ் கியர் கிட்டத்தட்ட அதேதான். செயின் பக்கவாட்டில் நகரவே நகராது, ஐட்லருக்கும் குழாய்க்கும் அதைவிட நல்ல வாழ்வு கிடையாது. நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம் என்பது சாய்வு சைக்கிளில் பெரிய விஷயம். டிரேலியர் வண்டியில் சிக்னல் சிவப்பாகும்போதே, நிற்பதற்கு முன்பே, இலேசான கியருக்கு இறங்கியாக வேண்டும். மறந்தால் பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதிக்க வழியில்லாமல் தள்ளாட வேண்டும். உங்கள் நண்பர் சொல்வது சரி, ஆனால் ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும், பின்சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும், செயினை விறைப்பாக வைக்கத் தனி டென்ஷனரும் வேண்டியிருக்கும். இந்த வண்டியில் இரண்டு கோடைக்காலம் ஓட்டிப் பார்த்து, இதுதான் என் வண்டி என்று மனம் ஒப்பிய பிறகு அதை வாங்கலாம். முழங்கால் அதுவரை காத்திருக்காது, ஆகவே இப்போதைக்குக் கிராங்கும் கேசட்டும்.

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் நான்கு அளவுகள் எடுத்து எழுதுங்கள்: முன் டிரேலியர் மாட்டும் போஸ்ட்டின் விட்டம், அது 28.6, 31.8, 34.9 இவற்றில் ஒன்றாக இருக்கும். பூமின் முனையில் கிராங்க் அச்சு செருகும் குழலின் அகலம், 68 மில்லிமீட்டரா 73ஆ. போஸ்ட்டில் டிரேலியரைக் கீழே இறக்க 16 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா. செயின் சரிவுக்கும் போஸ்ட்டுக்கும் உள்ள கோணம். அதுவரை ஃபெல்ட்பெர்க் வேண்டாம். நிடா ஆற்றங்கரைப் பாதை தட்டையானது, அங்கே நடு ரிங்கில், நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் மிதித்துப் பழகுங்கள். ஓய்வெடுத்தும் வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் நண்பன்